64 குதிரைத்திறன் போதுமா? சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் சுகம் எங்கிருந்து வருகிறது

கார் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி "எத்தனை பிஎச்பி?", அதாவது எத்தனை குதிரைத்திறன், என்பதுதான். பதில் நூறுக்குக் கீழே என்றால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். மீதிப் பேர், "சின்ன வண்டியை விரட்டி ஓட்டுற சுகம் பெரிய வண்டியில் வராது" என்று அடித்துச் சொல்வார்கள். ஏன் என்று இரண்டு தரப்பும் விளக்குவதில்லை. அதனால் பவர் குறைந்தாலே சுகம் என்றும், கறுப்புக் கூரையும் சிவப்புத் தையலும் போட்டால் எந்தக் காரும் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்றும் இரண்டு தவறான முடிவுகள் பரவிக் கிடக்கின்றன.

பவர் குறைந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதற்கு அருமையாக இருக்க முடியும். அதற்குக் காரணங்கள் மூன்று: குறைந்த எடை, டயரின் பிடிப்புக்கும் எஞ்சினின் பலத்துக்கும் உள்ள பொருத்தம், ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் கார் தரும் தகவல். இந்த மூன்றும் இல்லாத 70 குதிரைத்திறன் கார் வெறும் மெதுவான கார்.

எந்தக் கார்களைச் சொல்கிறோம்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் ஜப்பானில் இருக்கின்றன. அங்கே 'கே கார்' என்று ஒரு வகுப்பு உண்டு. அளவும் எஞ்சினும் சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருந்தால் வரிச் சலுகை கிடைக்கும். 1990-இல் எஞ்சின் வரம்பு 660 சிசி ஆனது; அப்போது நீளம் 3.3 மீட்டரையும் அகலம் 1.4 மீட்டரையும் தாண்டக்கூடாது. பவருக்கு 64 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பை நிறுவனங்களே தங்களுக்குள் ஏற்றுக்கொண்டன. இலங்கையில் ஓடும் ஜப்பானிய வேகன் ஆர் கார்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வகுப்பு பழக்கமானதுதான்.

இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டே 1991, 1992-இல் மூன்று இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்தன: ஹோண்டா பீட், சுசூகி கப்புச்சினோ, ஆட்டோஸாம் ஏஇசட்-1. பீட்டின் எடை 760 கிலோ. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இருக்கும், டர்போ கிடையாது. கப்புச்சினோ ஏறத்தாழ 700 கிலோ. எஞ்சின் முன்னால், உந்துவது பின் சக்கரங்களை.

இவற்றுக்கு ஒரு படி மேலே, 1989-இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் விற்ற முதல் தலைமுறைக்கு 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன், ஏறத்தாழ 940 கிலோ. 2016-க்குள் பத்து லட்சம் எம்எக்ஸ்-5 கார்கள் தயாராகிவிட்டன. பவரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இவ்வளவு பேர் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

அரிசி மூட்டை ஏற்றிய சைக்கிள்

வெறும் சைக்கிளை ஓட்டிவிட்டு, அதே சைக்கிளின் கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து ஓட்டிப் பாருங்கள். கிளப்புவதற்கு அதிகம் மிதிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு. பிரேக் பிடித்தால் நிற்க நேரமாகும். தெருமுனையில் ஒடித்தால் பின்பக்கம் ஒரு கணம் கழித்துத்தான் கூட வரும். பள்ளத்தில் இறங்கினால் சட்டம் முழுக்க அதிரும். அதே மூட்டையைக் கேரியரிலிருந்து எடுத்து முன் கம்பியில், சைக்கிளின் நடுப்பகுதியில் வைத்தால் எடை மாறாமலே ஓட்டுவது எளிதாகும்.

காரிலும் நடப்பது இதேதான். எடை என்பது முடுக்கத்துக்கு மட்டும் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். பிரேக்குக்கும் திரும்புவதற்கும் சஸ்பென்ஷனுக்கும் அதுவே சுமை. 100 கி.மீ. வேகத்தில் ஓடும் 1,600 கிலோ காரை நிறுத்த, அதே வேகத்தில் ஓடும் 800 கிலோ காரைவிட இரண்டு மடங்கு ஆற்றலை பிரேக் வெப்பமாக்க வேண்டும். அதற்குப் பெரிய டிஸ்க், அதைத் தாங்கப் பெரிய சக்கரம், அதற்குக் கனமான சஸ்பென்ஷன் கைகள் என்று எடையே எடையைக் கூட்டிக்கொண்டு போகும்.

முடுக்கத்தை ஒப்பிட உதவுவது பவர்-எடை விகிதம்: ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்ற கணக்கு. பீட்டுக்கு இது 84. முதல் எம்எக்ஸ்-5-க்கு ஏறத்தாழ 128. ஒரு பெரிய எஸ்யூவிக்கு 1,800 கிலோ, 200 குதிரைத்திறன் என்று வைத்தால் 111. அதாவது 120 குதிரைத்திறன் எம்எக்ஸ்-5, 200 குதிரைத்திறன் எஸ்யூவியைவிட ஒவ்வொரு கிலோவுக்கும் அதிக பலம் கொண்டது. "எத்தனை பிஎச்பி?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான், "எத்தனை கிலோ?" என்பது அடுத்த பாதி.

மூட்டையை நடுவில் வைப்பதன் பலனையும் கார் வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். எஞ்சின், பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஆட்கள் எல்லாம் நான்கு சக்கரங்களுக்கு உள்ளே, நடுவை ஒட்டி இருந்தால் கார் தன் அச்சில் சுழலக் காட்டும் தயக்கம் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பும். நீளம் குறைந்த காருக்கு இது இயல்பாகவே வாய்க்கிறது.

சுருக்கமாக: குறைந்த எடை கிளம்பவும் நிற்கவும் திரும்பவும் ஒரே நேரத்தில் உதவுகிறது, குதிரைத்திறன் கிளம்புவதற்கு மட்டும் உதவுகிறது.

பிடிப்பு என்ற வரவு செலவு

காரை சாலையோடு இணைப்பது நான்கு டயர்களின் அடியில் உள்ள, ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கை அகல ரப்பர் மட்டுமே. சறுக்காமல் அந்த ரப்பர் தரக்கூடிய உச்ச விசைதான் பிடிப்பு. பிரேக், முடுக்கம், திரும்புதல் மூன்றும் இந்த ஒரே இருப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். திரும்புவதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு எதுவும் மிஞ்சாது. வளைவின் நடுவில் பதறி பிரேக்கை மிதிப்பவர்கள் நேராகப் போய் மோதுவதற்குக் காரணம் இதுவே.

முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வளைவின் வெளிப்பக்கமாக ஓடும், இது அண்டர்ஸ்டியர். பின் டயர்கள் முதலில் இழந்தால் வால் வீசும், இது ஓவர்ஸ்டியர்.

இங்கே பலரும் நம்பும் ஒன்றைத் திருத்த வேண்டும். எடை குறைந்த கார் வளைவில் பிரமாதமான வேகத்தில் போகும் என்பது பாதி உண்மை. கார் கனமானால் வெளியே தள்ளும் விசையும் டயரை அழுத்தும் விசையும் சேர்ந்தே ஏறுவதால், கணக்கில் எடை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில், உலர்ந்த சாலையில், சாதாரண டயரோடு ஒரு காருக்குக் கிடைக்கும் உச்சம் மணிக்கு ஏறத்தாழ 55 கி.மீ. அது 800 கிலோ காரானாலும் 1,500 கிலோ காரானாலும் அருகருகேதான் இருக்கும். ஆனால் டயரின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, கொஞ்சம் குறைவாகவே ஏறும். அதனால்தான் எடை குறைந்த காருக்கு குறுகலான, விலை குறைந்த டயரே போதுமானதாகிறது.

இனி எஞ்சினுக்கு வருவோம். 400 குதிரைத்திறன் காரில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், டயரின் இருப்பைவிடச் செலவு அதிகமாகிவிடும். சக்கரம் சுழலும், உடனே எலெக்ட்ரானிக்ஸ் குறுக்கிட்டு பவரை வெட்டும். 64 குதிரைத்திறன் பீட்டில், ஸ்டியரிங் நேராகத் தொடங்கியதுமே காலை முழுதாக அழுத்தலாம். உலர்ந்த சாலையில் டயர் அதைத் தாங்கிக்கொள்ளும். முழு மிதி என்பது அபூர்வமான சாகசமாக இல்லாமல், ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் செய்யக்கூடிய வேலையாகிறது.

நேரக் கணக்கு இதை இன்னும் தெளிவாக்கும். பெரிய பவர் கொண்ட கார் நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை நான்கைந்து வினாடியில் தொட்டுவிடும். அதற்குமேல் முழு மிதி என்றால் சட்டத்தையும் புத்தியையும் ஓரம் வைக்க வேண்டும். பீட் போன்ற காருக்கு அதே 100-ஐத் தொட பன்னிரண்டு வினாடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் எஞ்சினின் முழு உழைப்பைக் கேட்டுக்கொண்டு, கியர் மாற்றிக்கொண்டு இருக்கலாம்.

சுருக்கமாக: குறைந்த பவரின் உண்மையான பலன், காரின் திறமையில் பெரும்பகுதியைச் சாதாரண வேகத்திலேயே பயன்படுத்த முடிவதுதான்.

எடை நகர்வு

பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் சாய்வதை உணர்கிறோம். காரின் எடையும் அப்படியே முன் டயர்களின் மேல் சாய்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால், வளைவில் வெளிப்பக்கம். இதுதான் எடை நகர்வு.

எவ்வளவு நகரும்? எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு 1,000 கிலோ கார், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.265 மீட்டர் (முதல் எம்எக்ஸ்-5-இன் அளவு) என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு அழுத்தமான பிரேக்கில் 110 கிலோ அளவுக்குச் சுமை பின் டயர்களிலிருந்து முன் டயர்களுக்குப் போகும். முன் டயர்களுக்கு அப்போது பிடிப்பு கூடுகிறது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல் படிப்படியாக விட்டால், அந்தக் கூடுதல் பிடிப்பு மூக்கைத் திருப்ப உதவும். சட்டென்று விட்டால் முன்பக்கம் எழும்பி கார் வெளியே ஓடும்.

நல்ல சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் இந்த நகர்வு இருக்கையிலேயே தெரியும். கால் அரை அங்குலம் அசைந்ததற்கு கார் என்ன பதில் சொல்கிறது என்பதை 50 கி.மீ. வேகத்திலேயே உணரலாம். கனமான, அகலமான டயர் போட்ட காரில் அதே பாடம் 120-க்கு மேல்தான் தொடங்கும். அங்கே தவறு செய்தால் திருத்த இடம் இருக்காது.

இதைத் தெரிந்தே செய்த நிறுவனமும் உண்டு. டொயோட்டா 86 என்ற 200 குதிரைத்திறன் ஸ்போர்ட்ஸ் கார் 2012-இல் வந்தபோது, ப்ரியஸ் ஹைபிரிட் காரிலும் பயன்பட்ட 215 மி.மீ. அகல டயரோடு வந்தது. பிடிப்பைக் குறைவாக வைத்தால் காரின் அசைவுகள் குறைந்த வேகத்திலேயே ஓட்டுபவருக்குத் தெரியும் என்பது நோக்கம்.

கியரும் சுற்றும்

எஞ்சின் தண்டைத் திருகும் விசை டார்க். அந்தத் திருகலை எவ்வளவு விரைவாகத் தொடர்ந்து செய்கிறது என்பதே குதிரைத்திறன். சின்ன எஞ்சினின் திருகல் சிறியது. அதனால் அதிகச் சுற்றில் ஓடித்தான் குதிரைத்திறனைச் சேர்க்க வேண்டும். பீட்டின் 64 குதிரைத்திறன் கிடைப்பது 8,100 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 8,100 சுற்றில். அதை 3,000-இல் கியர் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு "இழுக்கவே இல்லை" என்று சொன்னால், எஞ்சின் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை என்று பொருள்.

கியர் விகிதமும் ஒத்துழைக்க வேண்டும். கியர் பெட்டியிலிருந்து வெளியேறும் தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண் அது. முதல் எம்எக்ஸ்-5-இன் ஐந்து கியர் பெட்டியில் இரண்டாம் கியர் 1.888, மூன்றாம் கியர் 1.330, நான்காம் கியர் 1.000. எஞ்சின் தாண்டக்கூடாத சுற்றைக் காட்டும் சிவப்புக் கோடு 7,000 ஆர்பிஎம். கணக்குப் போட்டால் முதல் கியரில் ஏறத்தாழ 55, இரண்டாம் கியரில் ஏறத்தாழ 90 கி.மீ. வேகம் வரும். மலைச்சாலைக்கு இரண்டு கியர் போதும்; இரண்டையும் முழு நீளத்துக்குப் பயன்படுத்தலாம்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது எஞ்சின் சுற்று 1.42 மடங்கு ஏறும்: 3,000-இல் இருந்தால் 4,260 ஆக வேண்டும். கிளட்ச் மிதிபட்டிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி இந்தச் சுற்றைக் கொண்டுவந்துவிட்டு கிளட்சை விட்டால் உதறல் இருக்காது. இதைச் செய்யாமல் கிளட்சை விட்டால் எஞ்சினைச் சுழற்றும் வேலை டயரின் தலையில் விழும். ஈரச்சாலையில், பின் சக்கரம் உந்தும் காரில், அது வாலை வீச வைக்கும்.

பவர் குறைவாக இருப்பதால் இழந்த வேகத்தைத் திரும்பச் சேர்ப்பது மெதுவாகவே நடக்கும். ஆகவே வேகத்தை வீணாக்காமல் காப்பதே இங்கே திறமை. நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்து, கியரை இறக்கி, பார்வையை வளைவின் வெளிவாசலில் வைத்து, ஸ்டியரிங்கை ஒரே சீரான அசைவில் திருப்பி, நேராகத் தொடங்கும்போது காலை அழுத்த வேண்டும். பலமான எஞ்சின், மோசமாக எடுத்த வளைவை அடுத்த நேர்ப்பாதையில் மறைத்துவிடும். சின்ன எஞ்சின் மறைக்காது.

இந்தியப் பந்தய உலகம் இதைத் தெரிந்தே பயன்படுத்தியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதி வகுப்பில்தான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கே கெடுகிறது

ஆள் ஏறினால் முதலில் அடிவாங்குவது சின்ன கார்தான். 2018-இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 83 குதிரைத்திறன். எடையை 875 கிலோ என்று கொண்டால் டன்னுக்கு 95. ஐந்து பேர், 350 கிலோ ஏறினால் அது 68-க்கு இறங்கும். ஏசி எடுத்துக்கொள்ளும் பங்கு தனி. தனியாக ஓட்டியபோது துள்ளிய கார், குடும்பத்தோடு ஏற்றத்தில் திணறுவதில் வியப்பில்லை.

நெடுஞ்சாலையில் முந்துவதுதான் உண்மையான பலவீனம், இதில் சமாதானம் சொல்ல எதுவுமில்லை. ஆட்களோடு 900 கிலோ, 64 குதிரைத்திறன் என்றால் 60-லிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு ஏறவே ஏழெட்டு வினாடி ஆகலாம். எட்டு வினாடியில் நீங்கள் கடப்பது ஏறத்தாழ 180 மீட்டர். எதிரே 80-இல் வரும் வண்டியும் அதே அளவு நெருங்கியிருக்கும். 350 மீட்டருக்குமேல் பாதை காலியாகத் தெரியாவிட்டால் லாரிக்குப் பின்னால் பொறுமையாக இருப்பதுதான் வழி.

மோதலில் கனமான வண்டிக்கு எதிரே எடை குறைந்த காருக்கே பாதிப்பு அதிகம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாமலும் இருக்கலாம். வாங்கும் முன் இதை வீட்டிலுள்ளவர்களோடு பேசிவிடுவது நல்லது.

கியர் பெட்டித் தேர்விலும் பலர் சறுக்குகிறார்கள். ஏஎம்டி என்பது சாதாரண கியர் பெட்டியின் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும் ஏற்பாடு. நகர நெரிசலுக்கு நல்லது. ஆனால் கியர் மாறும் நேரத்தில் இழுவை அறுந்து போவதால், எடை முன்னும் பின்னும் தேவையில்லாமல் ஆடும். வளைவின் நடுவில் அது எரிச்சல்.

பிறகு, காசு செலவழித்தே கெடுப்பது. ரிம்மை இரண்டு அங்குலம் பெரிதாக்கி அகல டயர் போடுவார்கள். சக்கரம் கனமாகும், பள்ளத்தில் குதிக்கும், சின்ன எஞ்சினுக்கு அதைச் சுழற்றவே கூடுதல் வேலை. பிடிப்பு ஏறும், ஆனால் அதன் எல்லையைத் தொட இப்போது இன்னும் வேகம் வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்துவது அதைவிட மோசம். சஸ்பென்ஷன் அசைய இடமில்லாமல் ரப்பர் தடுப்பில் இடிக்கும். அந்தக் கணத்தில் டயர் சாலையை விட்டு எழும். நம் ஊர் வேகத்தடைகளைச் சொல்லவே வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது

விற்பனையாளர் காட்டும் நேரான சாலையில் இதில் எதுவும் தெரியாது. ஒரு ரவுண்டானாவும் இரண்டு மூன்று இறுக்கமான வளைவுகளும் உள்ள, நெரிசல் இல்லாத பாதையைக் கேளுங்கள். 40 கி.மீ. வேகம் போதும். ஸ்டியரிங்கை ஓர் அங்குலம் திருப்பியதும் மூக்கு நகர்கிறதா, இடையில் செத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனமாகி, சாலையின் சொரசொரப்பு கைக்கு எட்டினால் நல்லது. பீட்டில் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. முன் டயரின் ஒவ்வொரு அசைவும் கைக்கு வந்துவிடும். இன்றைய மின் ஸ்டியரிங்கில் அந்த அளவு கிடைக்காது, ஆனால் காருக்குக் கார் வித்தியாசம் நிறைய.

இரண்டாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரைத் தட்டி விட்டுப் பாருங்கள். மிதித்த கணத்துக்கும் இழுவைக்கும் நடுவே தாமதம் இருந்தால் அது வளைவில் இரட்டிப்பாகத் தொல்லை தரும். பிரேக் மிதியும் ஆக்ஸிலரேட்டரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஒரே பாதத்தால் தொடும் இடைவெளியில் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். இருக்கை தாழ்வாக இருப்பதும் கணக்கில் சேரும். கண் தரைக்கு அருகே இருக்கும்போது 60 கி.மீ. வேகமே வேகமாகத் தெரியும்.

பழைய கார் என்றால் ஓட்டும் முன் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஆறேழு ஆண்டு கடந்து ரப்பர் கெட்டித்துப் போயிருந்தால், நீங்கள் உணர்வது காரின் குணமாக இருக்காது. நான்கும் ஒரே மாடலில், நிறுவனம் சொன்ன அளவில் புதிதாகப் போட்டு, காற்றழுத்தத்தைக் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடி வைத்து, வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு அதே பாதையில் மறுபடி ஓட்டுங்கள். ஆளை அலைக்கழித்த வண்டி, வளைவுகளைக் கேட்டு வாங்கும் வண்டியாக மாறுவது பல நேரம் அந்த ஒரு செலவில்தான்.